வரலாற்றுப் பொது அறிவு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

வினாடி வினாக்களுக்கு வரலாற்றுக் கேள்விகள் எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. போட்டி முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கியபடி அருகே வந்து, "நான் சொன்ன விடையும் ஒரு புத்தகத்தில் இருக்கிறதே" என்பார். பல நேரம் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். கேள்வியில் ஒரு சொல் கூடவோ குறையவோ இருந்திருந்தால் அவருடைய விடைதான் சரியாகியிருக்கும். அப்படி என்னிடம் வந்து சேர்ந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

வரலாறுன்னாலே வருஷங்களை மனப்பாடம் பண்றதுதானா?

இல்லை. ஆனால் ஏழெட்டு ஆண்டுகளையாவது மனத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொண்டால் மற்றவை அவற்றைச் சுற்றித் தாமாகவே வந்து அமரும். 1453 என்றால் கான்ஸ்டான்டினோபிள் உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) கையில் விழுந்த ஆண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் முடிந்ததும் அதே ஆண்டில்தான். 1789 என்றால் பிரெஞ்சுப் புரட்சி. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக வாஷிங்டன் பதவியேற்றதும் அதே ஆண்டுதான்.

ஆண்டுகளைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இடைவெளி. எகிப்தின் பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560இல் கட்டப்பட்டது. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30இல். மனிதன் நிலவில் இறங்கியது 1969இல். கணக்குப் போட்டால் கிளியோபாட்ராவின் காலம் பிரமிடைவிட நிலவுப் பயணத்துக்கே நெருக்கமானது. 'பழங்கால எகிப்து' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. அந்தப் பிரமிடு எழுந்த நாளில் வடக்கே ரேங்கல் தீவில் கம்பளி யானைகள் உயிரோடு திரிந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கி.மு., கி.பி.ன்னு எழுதணுமா, பொ.ஆ.மு., பொ.ஆ.ன்னு எழுதணுமா?

இரண்டும் ஒரே கணக்குதான். கிறிஸ்துவின் பெயரைத் தவிர்த்து 'பொது ஆண்டு' என்று சொல்வது பின்னர் வந்த வழக்கம். எண் மாறாது, கி.மு. 44 என்றாலும் பொ.ஆ.மு. 44 என்றாலும் ஒரே ஆண்டு. எதை எடுத்தாலும் ஒரு பக்கத்துக்குள் கலக்காமல் எழுதுங்கள். இங்கே நான் கி.மு., கி.பி. என்றே எழுதுகிறேன்.

1789ன்னா பதினேழாம் நூற்றாண்டா, பதினெட்டாம் நூற்றாண்டா?

பதினெட்டு. முதல் நூற்றாண்டு 1 முதல் 100 வரை, இரண்டாவது 101 முதல் 200 வரை என்று எண்ணிக்கொண்டே வந்தால், 1701 முதல் 1800 வரை உள்ளது பதினெட்டாவது. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே அது தன் முதல் ஆண்டில் இருக்கிறதல்லவா, அதே கணக்கு.

கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவுல பூஜ்ஜியம் ஆண்டு ஒண்ணு இருக்கணுமே?

இல்லை. கி.மு. 1 முடிந்த மறுநாள் கி.பி. 1 தொடங்கிவிடுகிறது. கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையைக் கி.பி. 525இல் வகுத்தவர் டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி. அவர் பயன்படுத்திய ரோமானிய எண்களில் பூஜ்ஜியத்துக்கு இடமே இல்லை. வானியலாளர்கள் தங்கள் கணக்கின் வசதிக்காகப் பூஜ்ஜிய ஆண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். வரலாற்று நூல்களில் அது கிடையாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, இருபத்தோராம் நூற்றாண்டு 2000 சனவரியில் தொடங்கவில்லை, 2001 சனவரி 1 அன்றுதான் தொடங்கியது. மற்றொன்று, கி.மு.விலிருந்து கி.பி.க்குத் தாண்டும்போது கூட்டிய தொகையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அகஸ்டஸ் பேரரசராக இருந்தது கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை. 27ஐயும் 14ஐயும் கூட்டி 41 என்று எழுதுபவர்கள் ஏராளம். சரியான விடை 40.

அப்போ ஜூலியஸ் சீசர்தானே ரோமின் முதல் பேரரசர்?

இல்லை, அகஸ்டஸ்தான். சீசர் குடியரசு முறைக்குள்ளேயே 'வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற பதவியைக் கி.மு. 44இல் பெற்றவர், அதே ஆண்டு மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார். அவருடைய பெயர் பிற்காலத்தில் பட்டமாக மாறி கைசர், ஜார் என்றெல்லாம் வழங்கியதால்தான் இந்தக் குழப்பம்.

அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பர்ல கொண்டாடினாங்க?

அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அன்றைய தலைநகர் பெத்ரோகிராதில் லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த நாள் அவர்கள் கணக்கில் 1917 அக்டோபர் 25. மேற்கு ஐரோப்பாவின் கணக்கில் நவம்பர் 7. மறு ஆண்டே ரஷ்யா புதிய நாட்காட்டிக்கு மாறியது. அங்கே 1918 சனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. விழா நவம்பருக்குப் போனது, பெயர் மட்டும் அக்டோபரிலேயே தங்கிவிட்டது.

ஒரு புத்தகத்துல பத்து நாள் வித்தியாசம்னு இருக்கு, இன்னொண்ணுல பதினொண்ணு, நீங்க சொன்ன கணக்குல பதிமூணு. எதுதான் சரி?

மூன்றும் சரி. ஜூலியன் ஆண்டின் சராசரி நீளம் 365 நாள் 6 மணி. பூமிக்கு உண்மையில் தேவைப்படுவது அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. ஆண்டுக்கு 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடும். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி இதைத் திருத்தியபோது பத்து நாள்களை நீக்க வேண்டியிருந்தது: அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இனிமேல் பிசகாமல் இருக்க, நூற்றாண்டு முடியும் ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்ற விதியும் வந்தது.

பழைய முறையிலேயே இருந்த நாடுகளுக்கு 1700, 1800, 1900 மூன்றும் லீப் ஆண்டுகள். புதிய முறையில் அவை சாதாரண ஆண்டுகள். ஆகவே ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு நாள் கூடியது. 1752இல் மாறிய பிரிட்டன் செப்டம்பர் 2இலிருந்து 14க்குத் தாவி 11 நாள்களை விட்டது. 1918இல் ரஷ்யா 13 நாள்களை விட்டது. சுவீடன் நடுவழியில் மனம் மாறிப் பழைய முறைக்கே திரும்பியதால், 1712இல் அங்கே பிப்ரவரி 30 என்றொரு நாளே இருந்தது. நான் எழுதிய கேள்விகளிலேயே யாரும் எளிதில் நம்ப மறுத்த விடை அதுதான்.

ஷேக்ஸ்பியரும் செர்வாண்டசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது உண்மையா?

ஒரே தேதி, வேறு நாள். ஷேக்ஸ்பியர், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸ் இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றே எழுதுவது வழக்கம். ஆனால் ஸ்பெயின் அப்போது புதிய நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். முந்தைய விடையின்படி பத்து நாள் சேர்த்தால், ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. போதாததற்கு, 23 என்பது செர்வாண்டஸ் அடக்கம் செய்யப்பட்ட நாள்; உயிர் பிரிந்தது முந்தின நாள்.

இதே வகையில் இன்னொன்றும் அடிக்கடி வரும்: "கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்." கலிலியோ இறந்தது புதிய நாட்காட்டியில் 1642 சனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய நாட்காட்டியில் 1642 டிசம்பர் 25; அதைப் புதியதற்கு மாற்றினால் 1643 சனவரி 4. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறொன்று என்று எடுத்தால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

நூறாண்டுப் போர் நூறு வருஷம்தானே நடந்துச்சு?

1337 முதல் 1453 வரை, 116 ஆண்டுகள். இடையில் நீண்ட ஓய்வுகளும் உண்டு. அந்தப் பெயர் போர் முடிந்து நெடுங்காலத்துக்குப் பிறகு வரலாற்றாசிரியர்கள் வைத்தது. போரிட்டவர்களுக்கு அது தெரியாது. கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசும் அப்படித்தான். அங்கே வாழ்ந்தவர்கள் கடைசி நாள்வரை தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 'பைசாந்தியம்' என்ற பெயர் அந்தப் பேரரசு அழிந்து நூறாண்டு கழிந்த பிறகே நூல்களில் இடம்பிடித்தது. எனவே "அந்தக் காலத்தில் எப்படி அழைத்தார்கள்?" என்று கேள்வி கேட்டால் விடையே மாறிவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள் எது? மே 8, மே 9, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 2, நாலும் பார்த்திருக்கேன்.

எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் அதிகம். ஜெர்மனியின் சரணாகதி முதலில் 1945 மே 7 அன்று பிரான்சின் ரைம்ஸ் நகரில் கையெழுத்தானது. சோவியத் தரப்பு பெர்லினில் மறுபடி கையெழுத்தாக வேண்டும் என்று வற்புறுத்த, மே 8 இரவு அதுவும் நடந்தது. அந்த நேரத்தில் மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டி மே 9 பிறந்துவிட்டது. மேற்கே 8, ரஷ்யாவில் 9 என்று இன்றும் கொண்டாடுவதற்குக் காரணம் கடிகாரம்தான்.

ஆனால் அது ஐரோப்பியப் போரின் முடிவு மட்டும். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் சரணடைவை அறிவித்தது ஆகஸ்ட் 15. டோக்கியோ விரிகுடாவில் மிசூரி போர்க்கப்பலில் பத்திரம் கையெழுத்தானது செப்டம்பர் 2. 'உலகப் போர்' என்று பொதுவாகக் கேட்டால் செப்டம்பர் 2தான் என் விடை. சட்டப்படியான அமைதி என்று கேட்டால் அதுவும் மாறும்: ஜப்பானுடன் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை 1951இல் கையெழுத்தாகி 1952 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட்டதைத் தொடக்கம் என்கிறோம். 1937 சூலை 7 முதல் ஜப்பானோடு போராடிக்கொண்டிருந்த சீனர்களிடம் கேட்டால் அவர்களுக்கு அது இரண்டாண்டு பிந்திய தேதி.

உலக அதிசயம் ஏழில் தாஜ்மகால் இருக்கா இல்லையா?

பண்டைய ஏழு அதிசயங்களில் இல்லை, இருக்கவும் முடியாது. அது கிரேக்க எழுத்தாளர்கள் தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்குள் போட்ட பட்டியல். அதில் இன்று நிற்பது பெரிய பிரமிடு ஒன்றுதான். தாஜ்மகால் இடம்பெற்றது, 2007 சூலை 7 அன்று லிஸ்பனில் அறிவிக்கப்பட்ட 'புதிய ஏழு அதிசயங்கள்' பட்டியலில். அது தனியார் அறக்கட்டளை ஒன்று பொதுமக்கள் வாக்கை வைத்து நடத்தியது. யுனெஸ்கோவுக்கு அதில் பங்கில்லை.

சீனப் பெருஞ்சுவர் நிலாவுல இருந்து பார்த்தா தெரியுமாமே?

தெரியாது. சுவர் நீளமானது, ஆனால் அகலம் சில மீட்டர்தான். நிலவு இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். அங்கிருந்து அந்தச் சுவரைப் பார்ப்பது நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒற்றைத் தலைமுடியைப் பார்ப்பது போல. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலிருந்து என்றாலும் அந்த முடி நாலைந்து மீட்டர் தள்ளி இருக்கும், அதுவும் தரையின் நிறத்திலேயே. 2003இல் விண்வெளிக்குப் போய்வந்த முதல் சீன வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தக் கதையின் வயதுதான் என்னை வியக்கவைப்பது. 1754இலேயே ஆங்கிலேயர் ஒருவரின் கடிதத்தில், சுவர் நிலவிலிருந்து தெரியக்கூடும் என்ற கருத்து இருக்கிறது. மனிதன் முதன்முதலில் பலூனில் ஏறிப் பறந்ததே 1783இல்தான். யாரும் பார்ப்பதற்கு முன்பே பார்த்ததாக ஆகிவிட்ட செய்தி இது.

பூமி உருண்டைன்னு நிரூபிக்கத்தானே கொலம்பஸ் கப்பல் ஏறினார்?

இல்லை. படித்த ஐரோப்பியர் எவரும் அப்போது பூமி தட்டை என்று நம்பவில்லை. கொலம்பசுக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டிருந்தார். தெற்கு எகிப்தின் சையீன் நகரில் உச்சிவெயில் நேரே கிணற்றுக்குள் விழும் நாளில், அலெக்சாந்திரியாவில் நிழல் எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்தார். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரு நகரங்களின் தூரத்தை ஐம்பதால் பெருக்கினார், முடிந்தது.

கொலம்பசை எதிர்த்த அறிஞர்கள் கேட்டது வேறு கேள்வி: "அவ்வளவு தூரத்துக்கு உணவும் நீரும் எப்படிப் போதும்?" கானரித் தீவுகளிலிருந்து ஜப்பான் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர்தான் என்பது கொலம்பஸ் போட்ட கணக்கு. உண்மையில் 19,000க்கும் மேல். கணக்கில் எதிர்த்தவர்களே சரி. நடுவில் அமெரிக்கக் கண்டம் இல்லாதிருந்தால் அந்தக் கப்பல்கள் திரும்பி வந்திருக்க முடியாது. உருண்டைக் கதையைப் பரப்பியதில் 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

நெப்போலியன் குள்ளமா?

அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்பது பிரெஞ்சு அளவு. அன்றைய பிரெஞ்சு அடி ஆங்கில அடியைவிட நீளமானது, சுமார் 32.5 செ.மீ. மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 168 செ.மீ.; அந்தக் காலத்துக்குச் சராசரி ஆள். அதே எண்ணை ஆங்கில அடியாகப் படித்ததும், லண்டனில் கில்ரே வரைந்த கேலிச்சித்திரங்களும் சேர்ந்து அவரைக் குள்ளமாக்கிவிட்டன. ஷேக்ஸ்பியர் விஷயத்தில் நாட்காட்டி, இங்கே அளவுகோல்.

"ரொட்டி இல்லேன்னா கேக் சாப்பிடட்டும்"னு சொன்ன ராணியோட பெயரைக் கேட்டா என்ன எழுதறது?

தேர்வில் எதிர்பார்க்கும் பெயர் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத். ஆனால் அவர் அதைச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. சிந்தனையாளர் ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில், 'ஒரு பெரிய இளவரசி' அப்படிச் சொன்னதாகப் பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார். 1760களில் எழுதிய பகுதி அது. அந்துவானெத் 1755இல் பிறந்து, 1770இல்தான் பிரான்சுக்கு மணப்பெண்ணாக வந்தார். அந்த வரி எழுதப்பட்டபோது அவர் ஆஸ்திரியாவில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. கேக் என்பதும் மொழிபெயர்ப்பில் வந்தது. மூலத்தில் இருப்பது வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் என்ற ரொட்டி.

பெண்ணொருத்தியின் தலையைக் கொய்த பிறகும், அவள் பேசாத பேச்சை இருநூறு ஆண்டுகளாக அவள்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் "சொன்னதாகக் கூறப்படும்" என்ற இரண்டு சொற்களையாவது சேர்க்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் மன்றாடுகிறேன்.

ரோம் எரிஞ்சப்போ நீரோ பிடில் வாசிச்சான்கிறது பழமொழியாவே இருக்கே, அதுவும் பொய்யா?

பிடில் நிச்சயமாகப் பொய். தீப்பிடித்தது கி.பி. 64இல், வயலின் உருவானது பதினாறாம் நூற்றாண்டில். நீரோ வாசித்தது யாழ் போன்ற ஒரு கருவி. தீ தொடங்கியபோது அவர் ஆன்டியம் நகரில் இருந்ததாகவும், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டதாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். எரியும் நகரைப் பார்த்து டிராய் அழிந்த கதையைப் பாடினார் என்ற வதந்தியையும் அவரே பதிவு செய்திருக்கிறார், வதந்தி என்றே சொல்லி. பழமொழியைப் பழமொழியாகப் பயன்படுத்துவதில் தடையில்லை. வரலாற்று விடையாக எழுதாதீர்கள்.

மின்விளக்கைக் கண்டுபிடிச்சது எடிசன் இல்லைன்னு எங்க அண்ணன் சொல்றான். யார் சரி?

'மின்சாரத்தால் முதலில் ஒளி தந்தவர்' என்றால் ஹம்ப்ரி டேவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 'வெற்றிடக் குமிழுக்குள் ஒளிரும் இழை' என்றால் இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான், எடிசனுக்குச் சமமாக நிற்கிறார். 1883இல் இருவரின் நிறுவனங்களும் பிரிட்டனில் ஒன்றாகவே இணைந்தன. வீடு வீடாக விளக்கெரிய வழிசெய்தவர் என்றால் எடிசன். 1879இல் நெடுநேரம் எரியும் குமிழைக் காட்டியதோடு நிற்காமல், 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்து, கம்பி இழுத்து, இணைப்பும் கொடுத்தார். உங்கள் அண்ணனிடம் "கண்டுபிடித்தது என்றால் எதை?" என்று கேளுங்கள்.

உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. சரி. முதல் பெண் குடியரசுத் தலைவர் யாரு? மூணு பெயர் வருது.

சிறிமாவோவில் சந்தேகமில்லை: இலங்கை, 1960 சூலை 21. குடியரசுத் தலைவர் என்றால் அர்ஜென்டினாவின் இசபெல் பெரோன். துணைத் தலைவராக இருந்து, 1974இல் கணவர் இறந்ததும் பதவிக்கு வந்தார். 'மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த' என்று கேள்வியில் இருந்தால் ஐஸ்லாந்தின் விக்டிஸ் ஃபின்பொகதோத்திர், 1980. 'அரச குடும்பம் சாராத முதல் பெண் நாட்டுத் தலைவர்' என்றால் 1940இல், சைபீரியாவின் தெற்கே இருந்த துவா மக்கள் குடியரசின் கெர்தெக் அன்சிமா.

பெண்களின் வாக்குரிமைக்கும் இதே கவனம் வேண்டும். வாக்களிக்கும் உரிமையை முதலில் தந்த தன்னாட்சி நாடு நியூசிலாந்து, 1893. ஆனால் அங்கே பெண்கள் வேட்பாளராக நிற்க 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபின்லாந்து 1906இல் இரண்டு உரிமைகளையும் சேர்த்தே கொடுத்தது; மறு ஆண்டு 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு 1921லயா, 1922லயா?

1921ஆம் ஆண்டுக்கான பரிசு, அறிவித்தது 1922இல். 1921இல் யாரும் தகுதி பெறவில்லை என்று குழு பரிசை நிறுத்தி வைத்திருந்தது. பரிசு ஒளிமின் விளைவுக்கு, சார்பியலுக்கு அல்ல.

உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் நாளந்தாதானே?

இன்றும் தொடர்ந்து இயங்குவது என்ற நிபந்தனை இருந்தால் இல்லை. நாளந்தா ஐந்தாம் நூற்றாண்டில் தோன்றிப் பல நூற்றாண்டுகள் பல நாட்டு மாணவர்களை ஈர்த்த பெருங்கல்விக்கூடம்; பிறகு அழிந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் உள்ள அல் கராவியீன் 859இல் பள்ளிவாசலாகத் தொடங்கிக் கல்விக்கூடமாக வளர்ந்தது. பட்டம் வழங்கும் தன்னாட்சி அமைப்பு என்ற ஐரோப்பியப் பொருளில் எடுத்தால் இத்தாலியின் பொலோனியா, 1088. அந்த 1088கூட, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணூறாம் ஆண்டு விழாவுக்காக அறிஞர்கள் கூடி முடிவு செய்த ஆண்டு.

அதிக காலம் ஆண்ட அரசர் பதினான்காம் லூயின்னு எழுதினேன், சோபுசான்னு சொல்லித் தப்பு போட்டுட்டாங்க. நியாயமா?

ஸ்வாசிலாந்தின் இரண்டாம் சோபுசா 1899 முதல் 1982 வரை, 82 ஆண்டுகளுக்கு மேல் அரசராக இருந்தார். கைக்குழந்தையாக அரசுப்பட்டம் பெற்றவர். ஆனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாடு பிரிட்டனின் ஆட்சிக்குக் கீழே, விடுதலை 1968இல். 'இறையாண்மை உள்ள நாட்டின்' என்ற நிபந்தனை இருந்தால் 72 ஆண்டு ஆண்ட லூயிதான் முதலிடம். 70 ஆண்டு ஆண்ட இரண்டாம் எலிசபெத் அடுத்து. கேள்வியில் நிபந்தனை இல்லையென்றால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ககாரின் விண்கலத்தோட தரையிறங்கலையாமே, அப்போ அவர் சாதனை செல்லாதா?

1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடப் பயணத்தின் முடிவில், சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் அவர் கலத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டு, தனியே பாராசூட்டில் இறங்கினார். திட்டமே அதுதான். விமானி தன் ஊர்தியோடு இறங்கினால்தான் பறப்புச் சாதனையாகும் என்று பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் விதி அப்போது இருந்ததால், சோவியத் அரசு இதைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்தது. உண்மை தெரிந்த பிறகும் அவருடைய இடம் மாறவில்லை. விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் ககாரின். இதில் தயக்கமே வேண்டாம்.

உலகின் மிகக் குறுகிய போர் 38 நிமிஷமா, 45 நிமிஷமா? ரெண்டு புத்தகம் ரெண்டு விதமா சொன்னா எதை நம்பறது?

1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்தது அது. எந்த நொடியைத் தொடக்கமாகவும் எதை முடிவாகவும் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 38 முதல் 45 நிமிடம் வரை சொல்கிறார்கள். போரின் பெயரைக் கேட்பதே நல்ல கேள்வி. இரண்டு நூல்கள் முரண்பட்டால், நடந்த காலத்துக்கு நெருங்கிய பதிவு எது என்று முதலில் பாருங்கள். அந்துவானெத் கதை உடைந்தது அப்படித்தான். அடுத்து, இரண்டும் ஒரே நாட்காட்டியையும் ஒரே அளவையும் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள்.

உலகை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன்தான்னு பள்ளிக்கூடத்துலேர்ந்து படிச்சிருக்கோம். அதுலயும் சிக்கல் இருக்கா?

இருக்கிறது. 1519இல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்களோடு புறப்பட்டவர் மெகல்லன். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். பயணத்தை முடித்து வைத்தவர் ஹுவான் செபாஸ்டியன் எல்கானோ. விக்டோரியா என்ற ஒரே கப்பலும் 18 பேரும் 1522 செப்டம்பர் 6 அன்று ஸ்பெயின் கரை சேர்ந்தார்கள். 'ஒரே பயணத்தில் உலகைச் சுற்றியவர்' என்றால் எல்கானோவும் அந்தப் பதினேழு பேரும். 'பயணத்துக்குத் தலைமையேற்றுப் புறப்பட்டவர்' என்றால் மெகல்லன். மெகல்லன் மலாக்காவில் அடிமையாக வாங்கிய என்ரிக் என்பவரும் கப்பலில் இருந்தார். பிலிப்பைன்ஸ் தீவு மக்களிடம் அவர் பேசியது புரிந்தது. கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், மேற்கு வழியாகத் தன் மொழி புரியும் இடத்துக்கே வந்து சேர்ந்த முதல் மனிதர் அவராக இருக்கலாம். செபு தீவில் நடந்த படுகொலைக்குப் பிறகு ஏடுகளில் அவர் பெயர் இல்லை.

திரும்பி வந்தவர்களில் ஒருவர் பிகாஃபெட்டா. பயணம் முழுவதும் நாள் தவறாமல் குறிப்பெழுதியவர். வழியில் கேப் வெர்டே தீவுகளில் உணவு வாங்கப் படகில் கரைக்குப் போனவர்களிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழன் என்று பதில் வந்தது. கப்பலில் புதன். ஒரு நாளும் நோயில் படுக்காமல் நாள்தோறும் குறிப்பெழுதி வந்தேனே என்று பிகாஃபெட்டா திகைத்தார். அவர் எழுதியதில் பிழை இல்லை. மேற்கு நோக்கியே போய்ப் பூமியை ஒரு முறை சுற்றியதில், கரையில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தை அவர்கள் குறைவாகப் பார்த்திருந்தார்கள்.